கோத்தகிரி கணக்கு அலுவலகத்துக்கு எந்த நாஸ் பெட்டி பொருந்தும்?

கோத்தகிரியில் வரி, கணக்கு ஆலோசனை அலுவலகம் நடத்தும் ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன். அலுவலகம் அவருடைய தந்தை தொடங்கியது. தந்தை ஓய்வெடுத்துக்கொண்டதும் மகள் பொறுப்பேற்றிருக்கிறார். பணியாளர்கள் ஐந்து பேர், கணினிகள் ஆறு. விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை கொள்முதல் செய்யும் தனியார் தொழிற்சாலைகள், இலை ஏஜென்ட்டுகள், மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கேரட்டும் உருளைக்கிழங்கும் அனுப்பும் வியாபாரிகள், சில தங்கும் விடுதிகள் ஆகியோர் வாடிக்கையாளர்கள். டேலி என்ற கணக்கு மென்பொருளில் உள்ள கணக்குகளும் ஸ்கேன் செய்த பில்களும் ஆதார், பான் நகல்களும் சேர்ந்து இப்போது சுமார் 600 ஜிபி. ஆண்டுக்கு 120 ஜிபி அளவுக்குக் கூடுகிறது. இவையெல்லாம் ஆறு கணினிகளிலும் தந்தை வாங்கிய 2 டிபி வெளி டிஸ்க் ஒன்றிலும் சிதறிக் கிடக்கின்றன.

சென்ற மழைக்காலத்தில் மின்சாரம் போய்ப் போய் வந்ததில் ஒரு கணினி படுத்துவிட்டது. அதிலிருந்த மூன்று வாடிக்கையாளர்களின் பில்களை மறுபடியும் அவர்களிடமே கேட்டு வாங்க வேண்டியதாயிற்று. “அப்பா இருந்தவரைக்கும் இப்படி நடந்ததில்லை” என்று ஒரு தொழிற்சாலை உரிமையாளர் சொன்னது தம்மை மிகவும் வருத்தியதாக எழுதியிருக்கிறார். கோவைக் கடைக்காரர் ஒருவர், நான்கு டிஸ்க் போடும் நாஸ் பெட்டியும் (அலுவலகக் கணினிகள் எல்லாம் நெட்வொர்க் வழியாகப் பொதுவில் பயன்படுத்தும் சேமிப்புப் பெட்டி) 8 டிபி டிஸ்க் நான்கும் சேர்த்து 1,40,000 ரூபாய்க்குக் கொட்டேஷன் கொடுத்து, “ரெய்டு 5 போட்டுத் தருகிறேன், இனி உங்களுக்கு பேக்கப்பே தேவையில்லை” என்றிருக்கிறார். பெங்களூரில் வேலை பார்க்கும் அக்கா மகனோ, பழைய கணினி ஒன்றையே இலவச மென்பொருள் போட்டு சர்வராக மாற்றிக்கொள்ளலாம் என்கிறார். கிளவுட் மட்டும் போதும் என்பது தோழியின் கட்சி. டேலியை நேராக நாஸிலேயே ஓட்டலாமா, சாலை அடைபடும் நாட்களில் வீட்டிலிருந்து அதைத் திறக்க முடியுமா, மலை உயரத்திலும் மேகமூட்டத்திலும் டிஸ்க் சீக்கிரம் கெடுமா, மாலையில் அணைத்து பீரோவில் வைத்துப் பூட்டலாமா, கோப்புகள் அழிந்தால் விற்றவரிடம் இழப்பீடு கேட்கலாமா, எத்தனை ஆண்டுகள் எதையெல்லாம் வைத்திருக்க வேண்டும் என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

புதிய பெட்டியைப் பற்றிப் பேசுவதற்கு முன், போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரியை எடுத்துக்கொள்ள வேண்டும். தந்தையின் 2 டிபி டிஸ்க் சில நாட்களாக “டிக், டிக்” என்று சத்தம் போடுகிறது, ஆனாலும் திறக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உள்ளே தகட்டின் மேல் நகரும் தலை தன் இடத்தைத் தேடித் தடுமாறும்போதுதான் பெரும்பாலும் அந்தச் சத்தம் வரும். அந்த டிஸ்க் இன்னும் எத்தனை முறை திறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே இன்றே ஒரு புதிய வெளி டிஸ்க் வாங்கி, வேறு எங்கும் பிரதி இல்லாத கோப்புகளை முதலிலும், மற்றவற்றைப் பிறகுமாக அதில் நகலெடுத்துவிடுங்கள். விண்டோஸ் “டிஸ்க்கைச் சரிபார்க்கட்டுமா” என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்; அந்தச் சோதனை, ஏற்கெனவே நலிந்த டிஸ்க்கை முழுவதும் ஓடவைக்கும். நடுவில் திறக்காமல் போனால் திரும்பத் திரும்பச் செருகிப் பார்க்காமல் மின் இணைப்பை எடுத்துவிட்டு, தரவு மீட்பையே தொழிலாகச் செய்பவர்களிடம் கொடுங்கள். திருகைக் கழற்றித் திறந்து பார்க்கிறேன் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து அனுமதிக்காதீர்கள். தூசி வடிகட்டிய அறையில்தான் அந்த மூடியைத் திறக்கலாம்.

ரெய்டு இருந்தால் பேக்கப் வேண்டாமா?

உங்கள் கடைக்காரர் சொன்னவற்றில் நான் முழுமையாக மறுப்பது இதைத்தான். ரெய்டு என்பது ஒரு டிஸ்க் பழுதாகும்போது அலுவலகம் நிற்காமல் ஓடுவதற்கான ஏற்பாடு. ரெய்டு 1இல் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே எழுத்து பதிகிறது. ரெய்டு 5இல் குறைந்தது மூன்று டிஸ்க்கில் பரவி, ஏதேனும் ஒன்று போனால் மற்றவற்றிலிருந்து கணக்கிட்டு மீட்க வழி இருக்கிறது. ஆனால் உங்கள் பணியாளர் ஒருவர் மாலை நான்கு மணிக்கு ஒரு தொழிற்சாலையின் ஃபோல்டரைத் தவறுதலாக அழித்தால், அந்த அழிப்பும் அதே நொடியில் எல்லா டிஸ்க்கிலும் பதிந்துவிடும். பணம் கேட்டு மிரட்டும் ரேன்சம்வேர் என்ற தீய மென்பொருள் கோப்புகளைப் பூட்டினாலும், மின்னல் தாக்கிப் பெட்டி மொத்தமாகப் போனாலும், சுவர் ஓதம் ஊறித் தண்ணீர் இறங்கினாலும் ரெய்டு ஒன்றும் செய்யாது. ஒரு பேரேட்டுக்கு இரண்டு நகல் எடுத்து, இரண்டையும் ஒரே பீரோவில் வைத்தது போலத்தான் அது.

சென்ற ஆண்டு நீங்கள் இழந்தது, வேறு பிரதி இல்லாததால் இழந்தது. ஆகவே எந்தப் பெட்டி என்ற கேள்விக்கு முன்னால், இரண்டாவது பிரதியும் மூன்றாவது பிரதியும் எங்கே இருக்கப்போகின்றன என்பதை முடிவு செய்ய வேண்டும். தரவின் மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வேறு ஊரில் என்பது இத்துறையில் நெடுங்காலமாகச் சொல்லப்படும் விதி. பீட்டர் கிரோ என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் தம் படங்களுக்காக வகுத்துச் சொன்னது, இன்று உலகம் முழுவதும் அலுவலகங்கள் கடைப்பிடிக்கின்றன. உங்கள் அலுவலகத்தில் நாஸில் இருப்பது முதல் பிரதி. நாஸின் பின்புறம் யுஎஸ்பி வழியாக இணைத்து இரவு பேக்கப் எடுக்கும் வெளி டிஸ்க் இரண்டாவது. அதே போன்ற மற்றொரு வெளி டிஸ்க்கோ கிளவுடோ மூன்றாவது.

வேறு ஊர் என்று சொல்லும்போது பக்கத்துத் தெருவில் இருக்கும் உறவினர் வீட்டை நினைக்காதீர்கள். 2009 நவம்பர் மழையில் குன்னூர், கேத்தி, கோத்தகிரிப் பகுதிகளில் ஏற்பட்ட நிலச்சரிவுகளில் 40க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். மலைப்பாதைகள் அடைபட்டுக் கிடந்தன. நம் மலையில் ஒரு சரிவு ஒரே இரவில் ஒரு தெருவையே பாதிக்கக்கூடும் என்பதால், மூன்றாவது பிரதி மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ இருப்பதே சரி. உங்கள் தங்கை மேட்டுப்பாளையத்தில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அங்கே ஒரு டிஸ்க் இருக்கட்டும். மாதம் ஒருமுறை, 20ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி என்ற மாதாந்தர ஜிஎஸ்டி படிவத்தின் தாக்கல் முடிந்த பிறகு, அலுவலகத்தில் இருப்பதையும் அங்கே இருப்பதையும் மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டையும் என்கிரிப்ட் செய்து, பாஸ்வேர்டைத் தாளில் எழுதித் தனியே வைக்க வேண்டும். பேருந்தில் தொலைந்தாலும் வாடிக்கையாளரின் ஆதார் நகல் வெளியே போகக்கூடாது.

இதில் ஒரு சிறிய விஷயம், ஆனால் மலையில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது. டிசம்பர் காலையில் குளிர்ந்த அறையிலிருந்து எடுத்துச் சென்ற டிஸ்க்கை மேட்டுப்பாளையத்தின் வெக்கையில் பையிலிருந்து எடுத்த உடனே இணைத்தால், குளிர்ந்த உலோகத்தின் மேல் நீர் முத்து முத்தாகப் படியும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுபோய், உறையைத் திறக்காமலே சில மணி நேரம் வைத்திருந்து, அறையின் சூட்டுக்கு வந்த பிறகு மின்சாரம் கொடுங்கள்.

எவ்வளவு பெரிது தேவை?

நான்கு 8 டிபி டிஸ்க்கை ரெய்டு 5இல் போட்டால் 24 டிபி இடம் கிடைக்கும். உங்களிடம் இருப்பது 600 ஜிபி. ஆண்டுக்கு 120 ஜிபி வீதம் ஆறு ஆண்டுகள் கழிந்தாலும் 1.3 டிபிதான் ஆகும். ஆறு கணினிகளின் வேலைக் கோப்புகளையும் அவற்றின் பழைய பதிப்புகளையும் சேர்த்து இன்னும் ஒரு டிபிக்குச் சற்று மேல் என்று தாராளமாக வைத்தாலும் 2.5 டிபியைத் தாண்டாது. ஆகவே இரண்டு டிஸ்க் போடும் பெட்டியும் 4 டிபி டிஸ்க் இரண்டும் ரெய்டு 1இல் உங்களுக்குப் போதும். 4 டிபி என்று அட்டையில் இருப்பதை விண்டோஸ் 3.63 என்று காட்டும். எண்ணும் முறை வேறு, குறை ஒன்றுமில்லை. மிச்சமாகும் பணத்தை யுபிஎஸ்ஸுக்கும் வெளி டிஸ்க் இரண்டுக்கும் கிளவுடுக்கும் செலவிடுங்கள். கடைக்காரர் பெரிய பெட்டியைச் சொன்னதில் தீய எண்ணம் இருக்க வேண்டும் என்பதில்லை. பேக்கப்புக்குத் தனி இடம் என்ற கணக்கே அவருடைய கொட்டேஷனில் இல்லாததால், எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் திணிக்கப் பார்த்திருக்கிறார்.

பெட்டியைத் தேர்ந்தெடுக்கையில் சைனாலஜி, கியூநாப், அசஸ்டர் என்று பெயர் எதுவாக இருந்தாலும் நான் முதலில் கேட்பது ஸ்னாப்ஷாட் வசதி. மணிக்கு ஒருமுறை கோப்புகளின் அந்த நேரத்து நிலையைப் பதிந்துவைக்கும் ஏற்பாடு அது; நான்கு மணிக்கு அழிந்த ஃபோல்டரை மூன்று மணி நிலையிலிருந்து திரும்ப எடுத்துவிடலாம். ஒரே நிறுவனத்தின் மலிவான மாடல்களில் அது இல்லாமலும், சற்று உயர்ந்த மாடலில் இருந்தும் காணப்படுவது உண்டு. ஆகவே மாடல் எண்ணோடு சேர்த்து எழுத்தில் கேளுங்கள். செயலியின் வேகம், படம் ஓட்டும் வசதி போன்றவை உங்கள் வேலைக்குப் பொருட்டே இல்லை.

டிஸ்க் விஷயத்தில் சற்று நிதானம் வேண்டும். சாதாரணக் கணினிக்கான மலிவு டிஸ்க்குகள் சிலவற்றில் தடங்கள் ஓட்டுக்கூரை போல ஒன்றன்மேல் ஒன்று ஏறி இருக்கும், எஸ்எம்ஆர் என்பார்கள். ஒரு தடத்தை மாற்றி எழுத அடுத்தடுத்த தடங்களையும் எழுத வேண்டியிருப்பதால், ஒரு டிஸ்க் போய்ப் புதியது போட்டு ரெய்டை மீட்கும் நேரத்தில் இவை மிகவும் திணறும். தடங்கள் தனித்தனியாக இருக்கும் சிஎம்ஆர் வகையே நாஸுக்கு ஏற்றது. நாஸுக்கென்றே விற்ற ரெட் வரிசையில் சில மாடல்கள் எஸ்எம்ஆர் என்பது 2020இல் வெளியாகி வெஸ்டர்ன் டிஜிட்டல் பெரும் விமர்சனத்துக்கு உள்ளானது. இப்போது ரெட் பிளஸ் வரிசையும் சீகேட்டின் அயர்ன்வுல்ஃப் வரிசையும் சிஎம்ஆர்தான். பெட்டி தயாரிப்பாளரின் பொருந்தும் டிஸ்க் பட்டியலையும் வாங்கும் முன் பாருங்கள். 2025இல் வந்த சில சைனாலஜி மாடல்கள் பிற நிறுவன டிஸ்க்குகளுக்குக் கட்டுப்பாடு விதித்தன. அவ்வாண்டு அக்டோபரில் வந்த மென்பொருள் பதிப்பில் அது தளர்த்தப்பட்டது. பழைய பதிப்போடு கடையில் கிடக்கும் பெட்டி உங்கள் கைக்கு வந்தால், முதலில் மென்பொருளைப் புதுப்பிக்கச் சொல்லுங்கள்.

டேலி எங்கே இருக்க வேண்டும்?

டேலி தரவு ஃபோல்டரை நாஸில் வைத்தாலும் டேலி திறக்கத்தான் செய்யும். ஆயினும் நான் அதைப் பரிந்துரைக்கவில்லை. ஸ்கேன் செய்த பிடிஎஃப்பை ஒருமுறை எழுதினால் முடிந்தது. டேலி அப்படியல்லாமல், ஒவ்வொரு வவுச்சருக்கும் சிறு சிறு துண்டுகளாகப் பல கோப்புகளில் எழுதிக்கொண்டே இருக்கும். அப்படி எழுதும் நடுவில் நெட்வொர்க் ஒரு நொடி அறுந்தாலும் தரவு சேதமாக வாய்ப்புண்டு. பணியாளர் மேசையில் கால் பட்டு லேன் கேபிள் நழுவுவதே அதற்குப் போதும். உங்களிடம் பலர் பயன்படுத்தும் உரிமம் இருப்பதால், யுபிஎஸ் இணைத்த நல்ல கணினி ஒன்றில் எஸ்எஸ்டி (சுழலும் தகடு இல்லாத வேகமான டிஸ்க்) போட்டு டேலி தரவை அதில் வைத்து, மாலையில் எல்லாரும் டேலியை மூடிய பிறகு நாஸுக்குத் தானாக பேக்கப் போகும்படி அமைத்துக்கொள்ளுங்கள். தரவு திறந்திருக்கும்போது எடுத்த நகல் முழுமையாக இருக்கும் என்று நம்ப முடியாது; நேரத்தை இரவு எட்டு மணிக்கு மேல் வையுங்கள்.

மலை, மின்சாரம், ஈரம்

உயரத்தைப் பற்றிய பயத்தை விட்டுவிடுங்கள். சாதாரண ஹார்ட் டிஸ்க்குகள் கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,000 மீட்டர் வரை இயங்குவதற்கென வடிவமைக்கப்பட்டவை. நீலகிரியின் உச்சியான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். ஈரப்பதமும், நீராகப் படியாத வரையில், டிஸ்க்கைக் கெடுக்காது. நீராகப் படிய விடாமல் காப்பது பெட்டியின் சொந்தச் சூடு. ஓடிக்கொண்டிருக்கும் நாஸ் அறையைவிடச் சில டிகிரி சூடாகவே இருப்பதால் அதன்மேல் ஓதம் தங்காது. மாலையில் அணைத்துக் காலையில் போட்டால், மேகம் இறங்கிய இரவு முழுவதும் அது குளிர்ந்து கிடக்கும். இரவு பேக்கப்பும் நடக்காது. ஆகவே இரவும் பகலும் ஓடட்டும். பூட்டிய இரும்பு பீரோவும் வேண்டாம், காற்றோட்டமில்லாமல் விசிறி திணறும். திருட்டுப் பயம் இருந்தால், வெளிச்சுவரில் ஒட்டாமல் உட்சுவரில் பொருத்திய, கம்பிவலைக் கதவு போட்ட சிறு கூண்டு போதும்.

ஈரம் உண்மையில் தாக்குவது கேபிள் முனைகளை. லேன் கேபிளின் பிளக்கை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். எட்டு உலோகப் பற்களில் ஒன்றிரண்டில் பச்சை படிந்திருக்கலாம். ஜிகாபிட் வேகத்துக்கு கேபிளிலுள்ள நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும். மற்ற இரண்டில் ஒரு ஜோடி கெட்டால் இணைப்பு அறுந்துவிடாது, சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். அப்படி இறங்கினால் நொடிக்கு 110 எம்பி அளவுக்குப் போக வேண்டிய கோப்பு 11 எம்பியில் ஊரும். 600 ஜிபி நகலெடுக்க ஒன்றரை மணி நேரத்துக்குப் பதிலாகப் பதினைந்து மணி நேரம் ஆகும். நாஸ் வாங்கிய பலர் “பெட்டி மெதுவாக இருக்கிறது” என்று குறைப்படுவது இதனால்தான். விண்டோஸில் நெட்வொர்க் நிலையைத் திறந்தால் வேகம் 1.0 ஜிபிபிஎஸ் என்று இருக்க வேண்டும். ஆறு கணினியிலும் பார்த்து, 100 காட்டும் இடத்தில் கேபிளையோ நெட்வொர்க் ஸ்விட்சையோ மாற்றிய பிறகு பெட்டிக்கு ஆர்டர் கொடுங்கள்.

அலுவலகத்தில் இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று கேட்டிருக்கிறீர்கள். இன்வெர்ட்டர் விளக்கை எரிய வைக்கும். ஆனால் பேட்டரி தீரப்போகிறது என்று நாஸுக்குச் சொல்லாது. வடகிழக்குப் பருவமழையில் மின்சாரம் பல மணி நேரம் வராமல் போகும் நாளில், பேட்டரி காலியான கணத்தில் நாஸ் எழுதிக்கொண்டிருந்தால் சேதம் ஏற்படலாம். யுஎஸ்பி கேபிள் வழியாக நாஸோடு பேசும் சிறிய யுபிஎஸ் ஒன்றை இடையில் வையுங்கள். இரண்டு டிஸ்க் பெட்டி ஒரு சின்ன பல்பு அளவுக்குத்தான் மின்சாரம் எடுப்பதால் 600 விஏ போதும். மின்சாரம் போய் ஐந்து நிமிடத்தில் தன்னை முறையாக மூடிக்கொள்ளும்படி நாஸில் அமைக்கலாம். எந்த யுபிஎஸ் மாடலோடு பேசும் என்பதற்கும் தயாரிப்பாளர்கள் பட்டியல் தருகிறார்கள். கூடவே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். பாறை நிலத்தில் கோடையில் எர்த் குழி வறண்டு, எர்த் இருந்தும் இல்லாதது போலாகிவிடும்.

வீட்டிலிருந்து திறப்பது

இது முடியும். ஆனால் கடைக்காரர் சொன்னதாக நீங்கள் எழுதியபடி ரவுட்டரில் போர்ட் திறந்துவிட்டுச் செய்யக் கூடாது. அப்படி இணையத்துக்கு நேராகத் திறந்து வைத்த பெட்டிகளைத் தேடிப் பிடித்துப் பூட்டுவதே தொழிலாக வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். 2014இல் சைனோலாக்கர் என்ற ரேன்சம்வேர் சைனாலஜி பெட்டிகளைத் தாக்கியது. 2022 ஜனவரியில் டெட்போல்ட், கியூநாப் பெட்டிகளைப் பூட்டி ஒவ்வொருவரிடமும் 0.03 பிட்காயின் கேட்டது. 2021 ஜூனில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ் என்ற பழைய பெட்டிகளை வைத்திருந்த பலர், ஒரு காலையில் தங்கள் கோப்புகள் அனைத்தும் தொலைவிலிருந்தே அழிக்கப்பட்டிருப்பதைக் கண்டார்கள்.

பாதுகாப்பான வழி விபிஎன், அதாவது இணையத்தின் வழியே உங்களுக்கென்று போடும் பூட்டிய தனிப் பாதை. நம் ஊர் ஃபைபர் இணைப்புகள் பலவற்றில் தனிப் பொது ஐபி முகவரி கிடைப்பதில்லை என்பதால், அது இல்லாமலே இயங்கும் டெயில்ஸ்கேல் போன்ற ஏற்பாடு உங்களுக்குப் பொருந்தும். பெரும்பாலான நாஸ்களில் நிறுவலாம். அதோடு “அட்மின்” என்ற பெயரிலேயே வரும் கணக்கை முடக்கி, இரட்டைச் சரிபார்ப்பை இயக்கி, பணியாளர் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு கொடுங்கள். பேக்கப் ஃபோல்டரில் எழுதும் உரிமை பணியாளர் யாருக்கும், உங்கள் அன்றாடக் கணக்குக்கும்கூட, இருக்கக் கூடாது. ஒரு கணினியில் ரேன்சம்வேர் புகுந்தால், அந்தக் கணினியில் உள்ளே நுழைந்திருப்பவருக்கு எழுதும் உரிமை எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் அது எட்டும்.

கிளவுட் மட்டும், பழைய கணினி மட்டும்

தோழி சொல்வதில் நியாயம் இருக்கிறது. வேறு ஊரில் ஒரு பிரதி என்ற தேவையை கிளவுட் எளிதாக நிறைவேற்றும். 20 எம்பிபிஎஸ் அப்லோட் வேகத்தில் 600 ஜிபி ஏற இடைவிடாமல் மூன்று நாட்கள் ஆகும், அதுவும் ஒருமுறைதான். ஆனால் மழையில் ஃபைபர் அறுந்தால் அன்றைய வேலையே நின்றுவிடும் என்பதால் கிளவுட் மட்டும் என்பது உங்களுக்கு ஒத்துவராது. தவிர, கூகுள் டிரைவை ஒத்திசைவாகப் பயன்படுத்தும்போது கணினியில் அழித்தது அங்கேயும் அழியும். குப்பைத்தொட்டியில் 30 நாட்கள்தான் தங்கும். ஆகவே நாஸிலிருந்து பழைய பதிப்புகளோடு போகும் பேக்கப்பாக, முக்கியமான ஃபோல்டர்களுக்கு மட்டும் கிளவுடை வைத்துக்கொள்ளுங்கள்.

அக்கா மகனின் யோசனையும் தொழில்நுட்ப ரீதியில் தவறில்லை. ட்ரூநாஸ் போன்ற இலவச மென்பொருள்கள் மிகத் தரமானவை. ஆனால் 19ஆம் தேதி இரவு அது நின்றுபோனால் கோத்தகிரியில் யார் வந்து பார்ப்பது? ஒரே ஒருவருக்கு மட்டும் தெரிந்த அமைப்பில் அலுவலகத்தின் முழுத் தரவையும் வைப்பதை நான் ஏற்கமாட்டேன். அவர் அக்கறையாகக் கேட்டிருக்கிறார். நாஸ் வந்ததும் கணக்குகளையும் உரிமைகளையும் அமைத்துத் தரும் பொறுப்பை அவரிடம் கொடுங்கள், அதற்கு அவரே சரியான ஆள்.

எத்தனை ஆண்டுகள், யாருடைய பொறுப்பு

“மூன்று வருடம் போதும்” என்று கேள்விப்பட்டதாக எழுதியிருக்கிறீர்கள். நான் வழக்கறிஞன் இல்லை. ஆனால் சேமிப்பிடத்தைக் கணக்கிட எனக்கே தேவைப்படும் விதிகள் இவை. ஜிஎஸ்டி சட்டத்தின் 36ஆம் பிரிவுப்படி, அந்தந்த ஆண்டின் ஆண்டறிக்கைக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்குகள் இருக்க வேண்டும். 2023–24க்கான ஆண்டறிக்கையின் கடைசித் தேதி 2024 டிசம்பர் 31 என்பதால், அவ்வாண்டின் பதிவுகள் 2030 டிசம்பர் இறுதிவரை இருந்தாக வேண்டும். மேல்முறையீடோ விசாரணையோ நடந்தால் அது முடிந்து ஓராண்டு வரை, எது பிந்தியதோ அதுவரை. வாடிக்கையாளர்களில் பிரைவேட் லிமிடெட் ஆகப் பதிந்த தொழிற்சாலைகளுக்கு, 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டப்படி எட்டு நிதியாண்டுகள். 2022இல் திருத்தப்பட்ட கணக்கு விதிகளின்படி, கணினியில் வைக்கும் அவர்களுடைய கணக்குகளின் பேக்கப் தினமும் இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் இருக்க வேண்டும். ஆகவே கிளவுட் எடுக்கும்போது இந்தியத் தரவு மையத்தைத் தேர்ந்தெடுங்கள். சட்டக் கடமை முதலில் வாடிக்கையாளருடையதுதான். ஆனாலும் கணக்கே உங்கள் அலுவலகத்தில்தான் இருக்கிறது என்னும்போது, யார் எதை எத்தனை ஆண்டு வைத்திருப்பது என்று ஒவ்வொருவரோடும் ஒரு பக்கக் கடிதம் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். அன்று அந்தத் தொழிற்சாலை உரிமையாளர் பேசியது போன்ற பேச்சுக்கு அது இடம் வைக்காது.

இழப்பீடு பற்றிய உங்கள் எண்ணத்தைச் சற்றுத் திருத்த வேண்டியிருக்கிறது. வாரன்டி என்பது பெட்டிக்கும் டிஸ்க்குக்கும்தான். பழுதானால் வேறு டிஸ்க் தருவார்கள், உள்ளே இருந்த கணக்குக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வணிக நோக்கத்துக்காக வாங்குபவரை நுகர்வோராகக் கொள்வதில்லை. சுயதொழிலால் பிழைப்பு நடத்துவதற்கென்று மட்டும் வாங்கியவருக்கு விலக்கு உண்டு. ஐந்து பேரை வைத்து நடத்தும் அலுவலகம் அதற்குள் வருமா என்பது வாதத்துக்குரியது. வழக்குப் போட நேர்ந்தால் வழக்கறிஞரைப் பாருங்கள், ஆனால் அதை நம்பித் திட்டமிடாதீர்கள்.

புதிய கொட்டேஷனில் கேட்க வேண்டியவை

ஸ்னாப்ஷாட் வசதியுள்ள இரண்டு டிஸ்க் பெட்டியின் முழு மாடல் எண். 4 டிபி சிஎம்ஆர் டிஸ்க் இரண்டு, முடிந்தால் வெவ்வேறு தயாரிப்புத் தேதி உடையவை. நாஸோடு பேசும் யுபிஎஸ். 4 டிபி வெளி டிஸ்க் இரண்டு. டிஸ்க்குகளின் சீரியல் எண்கள் ஜிஎஸ்டி பில்லிலேயே அச்சாகி வர வேண்டும். அந்த எண்ணைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் போட்டு இந்தியாவில் வாரன்டி உண்டா என்று பார்த்த பிறகு பணம் கொடுங்கள். வெளிநாட்டிலிருந்து வேறு வழியில் வந்த டிஸ்க்குகளுக்கு இங்கே வாரன்டி கிடைப்பதில்லை. பழுதானால் மாற்று டிஸ்க்கை கோத்தகிரிக்கே அனுப்புவார்களா, நீங்கள் கோவைக்கு எடுத்துச் செல்ல வேண்டுமா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

நிறுவியதும், கடைக்காரர் கிளம்புவதற்கு முன், ஒரு சோதனை செய்யச் சொல்லுங்கள்: தேவையற்ற ஃபோல்டர் ஒன்றை அழித்து, ஸ்னாப்ஷாட்டிலிருந்து ஒருமுறையும் வெளி டிஸ்க்கிலிருந்து ஒருமுறையும் உங்கள் கையாலேயே திரும்ப எடுத்துப் பாருங்கள். ஓடும் நிலையில் ஒரு டிஸ்க்கைப் பிடுங்கினால் எச்சரிக்கை மின்னஞ்சல் உங்கள் ஃபோனுக்கு வருகிறதா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். மேட்டுப்பாளையத்துக்கு டிஸ்க் மாற்றும் அதே நாளில் மாதம் ஒரு கோப்பை இப்படி மீட்டுப் பார்க்கும் வேலையை, பணியாளர் ஒருவர் பெயரில் எழுதி வையுங்கள். கோப்புகளை நாஸுக்கு மாற்றும் வேலையை 21ஆம் தேதிக்கும் அடுத்த மாதம் 10ஆம் தேதிக்கும் இடையில், அக்டோபர் மழை தொடங்குவதற்குள் முடித்துக்கொள்வது நல்லது. பழைய கணினிகளில் உள்ள நகல்களை அதன் பிறகு இரண்டு மாதங்களாவது அழிக்காமல் வைத்திருங்கள்.